மாப்பிள்ளையைப் பனியில் நிறுத்தக் கிளம்பினோம்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனாலும் அந்த வாய் என்னைக் காஞ்சிபுரத்திலிருந்து சிம்லா வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

என் மகள் கோமளாவின் கல்யாணம் ஆவணியில் நடந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால் காசி யாத்திரை. மாப்பிள்ளை கையில் குடையும் தடியுமாக, 'எனக்குக் குடும்பம் வேண்டாம், காசிக்குப் போகிறேன்' என்று மண்டப வாசலைத் தாண்டி நாலடி நடப்பார். பெண்ணைப் பெற்றவன் ஓடிப்போய் மறித்து, 'என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள்' என்று கெஞ்சிக் கூட்டி வரவேண்டும். எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கைதான். நானும் அந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சுற்றிலும் கூட்டம். என்னுடையதோ பாத்திரக்கடையில் உட்கார்ந்து ஒரு குடத்தை விற்க ஒன்பது கதை சொல்லிப் பழகிய வாய்.

"காசியிலே இன்னா இருக்குது மாப்ளே? என் பொண்ணைக் கட்டிக்கோங்க. காசியைத் தாண்டி இமயமலைக்கே கூட்டிக்கினு போறேன். வெள்ளையா கொட்டிக் கிடக்குற பனியிலே உங்களை நிக்க வைக்கிறேன். வாங்க!"

கூட்டம் கைதட்டியது. தவில்காரர் உற்சாகத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். மாப்பிள்ளை தயாளன் சிரித்தார். ஆரணியில் ஒரு பாங்கில் வேலை பார்க்கும் சாதுவான பையன். அவருடைய அப்பா முனிரத்தினம் சிரிக்கவில்லை.

"எப்போ?" என்று கேட்டார்.

"தை மாசம்" என்றேன். வாய்க்கு வந்த மாசம் அதுதான்.

அதை நான் அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியிலேயே மறந்துவிட்டேன். சம்பந்தி மறக்கவில்லை. அவர் எதையும் மறக்கிறவர் இல்லை. தனக்கு வேண்டாததைத் தவிர. நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றும்போது, "பொண்ணு டீச்சர் ட்ரெயினிங் படிக்கணும்னு ஆசைப்படுதாமே, நாங்க படிக்க வைக்கிறோம்" என்று சபையில் சொன்னவர் அவர்தான். அதை நம்பித்தான் கோமளா கழுத்தை நீட்டினாள்.

தலை தீபாவளிக்கு வந்தவள் என்னிடம் சொன்னாள்: "படிப்பைப் பத்தி எப்போ கேட்டாலும், 'உங்கப்பா மொதல்ல பனியைக் காட்டட்டும், அப்பறம் நீ படிக்கப் போவலாம்'னு அத்தை சொல்றாங்க நைனா. மாமாவும் ஆமான்றாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். என் வாய்க்கொழுப்புக்கு என் பெண்ணின் படிப்பை அல்லவா பிடித்து வைத்திருக்கிறார்கள்! அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தை மாசம் இந்தியாவில் எங்கே பனி நிச்சயமாகக் கொட்டிக் கிடக்குமோ, அங்கே மாப்பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது என்று.

எங்கே என்பதுதான் தெரியவில்லை. கடைக்கு வந்தவர்களை எல்லாம் கேட்டேன். பட்டு எடுக்க வந்திருந்த டில்லி சேட்டு சிம்லா என்றார். லீவில் வந்திருந்த, பக்கத்துத் தாமல் கிராமத்துப் பட்டாளத்துக்காரர், "காஷ்மீர்தாங்க. ஆனா அங்க பனி கொட்டினா ரோடை மூடிடுவான், பொங்கலுக்குப் போனா உகாதிக்குத்தான் வரலாம்" என்றார். போஸ்டாபீஸ்காரர் டார்ஜிலிங் என்றார். அவர் சென்னையைத் தாண்டினதில்லை. புரோகிதரிடம் பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொன்னேன். மழை எத்தனை மரக்கால் என்று அதில் போட்டிருந்தது. பனிக்கு மரக்கால் இல்லை. வடக்கே போகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

கடைசியில் சிம்லா என்று முடிவானது. சேட்டு ஒருவர்தான் சொன்ன இடத்துக்குப் போய், நினைத்த நாளில் திரும்பியும் வந்தவர்.

நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். மாப்பிள்ளை, கோமளா, நான், அப்புறம் சாட்சிக்குச் சம்பந்தி. "நான் பார்த்தாத்தான சம்பந்தி, ஊர்ல வந்து சொல்ல முடியும்?" என்று அவர் விளக்கினார். அரக்கோணம் வருவதற்குள் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டார். வெளியே பல்லைக் காட்டும் வெயில். கையில் ஒரு கறுப்புக் குடை. எங்கேயோ பார்த்த குடையாக இருக்கிறதே என்று உற்றுப் பார்த்தேன். கைப்பிடியில் சந்தனமும் குங்குமமும் இன்னும் போகவில்லை. காசி யாத்திரைக்கு நான் வாங்கிக் கொடுத்த அதே குடை.

சாப்பாட்டுக்கு என் மனைவி குடலை இட்லி கட்டிக் கொடுத்திருந்தாள். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றி, மிளகும் சுக்கும் போட்டு அவித்த இட்லி. குட்டித் தூண் மாதிரி இருக்கும், வில்லை வில்லையாக அறுத்துத் தின்ன வேண்டும். நாள் கணக்கில் கெடாது. எதிரே உட்கார்ந்திருந்த சர்தார்ஜிக்கு ஒரு வில்லை கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மருந்தா சாப்பாடா என்று கேட்டார். என் கடைக்கு வரும் ஆற்காட்டு பாய்களிடம் கற்றுக்கொண்ட உருதுவில், இரண்டும்தான் என்றேன். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்த வருஷமா பனி பார்க்கப் போகிறீர்கள்? எங்கள் வீட்டில் ஸ்வெட்டர் இன்னும் பெட்டியை விட்டே வெளியே வரவில்லை!"

சம்பந்திக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு புரிந்துவிட்டது. "இன்னா சொல்றாரு?" என்றார்.

"இட்லி நல்லா இருக்குதாம்" என்றேன்.

சர்தார்ஜி சொன்னது சரியாகத்தான் இருந்தது. பொம்மை ரயில் மாதிரி ஒன்று குகைக்குள் நுழைந்து நுழைந்து எங்களைச் சிம்லாவில் கொண்டுபோய் இறக்கியபோது, அங்கே நல்ல வெயில். கூரை மேலெல்லாம் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு குரங்கு மல்லாந்து படுத்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. கடன் வாங்கிப் போட்டிருந்த கம்பளிக் கோட்டுக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. ஊர் என்னவோ அழகான ஊர்தான். எந்தத் தெருவும் ஒன்று மேலே போகிறது அல்லது கீழே போகிறது. காஞ்சிபுரத்துத் தெருக்களில் தேரை இழுத்த கால்களுக்கு அது பிடிபடவில்லை.

ஓட்டல் மேனேஜர் மிகவும் மரியாதைக்காரர். பனியைப் பற்றிக் கேட்டதும், "ஐயோ, போன வாரம் வந்திருக்கக் கூடாதா? அப்படிக் கொட்டியது" என்றார். "இனிமேல்?" என்றேன். "அடுத்த வாரம் வாருங்கள், அப்படிக் கொட்டும்" என்றார். பட்டுப் புடவையைச் சொன்ன நாளில் தராத கடைக்காரர் இப்படித்தான் பேசுவார். ஆகவே எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஊர் நினைவுதான் வந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை தூரத்தில் தெரிந்த மலைத்தொடரைக் காட்டினார். உச்சியெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. "பார்த்துட்டோமே மாமா, இது போதும்" என்றார். நல்ல மனசு.

"அது எப்படிடா போதும்?" என்றார் சம்பந்தி. "பார்க்க வைக்கிறேன்னா சொன்னாரு? நிக்க வைக்கிறேன்னு சபையில சொன்னாரு."

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர். அரிசி மில் வைத்துக் கெட்டுப்போனார்.

இரவுச் சாப்பாட்டுக்கு இட்லியை எடுத்தால், குளிரில் இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. டீக்கடைக்காரர் அதை வாங்கிக் கத்தியால் மெல்லிசாகச் சீவி, கடுகெண்ணெயில் பொரித்து, மேலே ஏதோ பொடியைத் தூவிக் கொடுத்தார். சம்பந்தி வாசனை பட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ரொட்டிக்குப் போய்விட்டார். கோமளா மூன்று தட்டு தின்றாள். "அம்மா கையில சொல்லிடாதீங்க நைனா, இதுதான் நல்லா இருக்குது" என்றாள்.

மறுநாள் குஃப்ரி. சிம்லாவில் இல்லாவிட்டால் அங்கே கட்டாயம் இருக்கும் என்று மேனேஜர் சத்தியம் செய்திருந்தார். இருந்தது. ஒரு பெரிய தேவதாரு மரத்தின் நிழலில், நாலு முறத்தைக் கவிழ்த்த அளவுக்கு. மேலே குதிரைச் சாணியும் பீடித் துண்டும். அதைச் சுற்றிக் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி ஜனங்கள். ஒவ்வொரு குடும்பமாகப் போய் அதன் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நாங்களும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் மாப்பிள்ளை ஏறி நின்றார். செருப்போடு சாக்ஸ் போட்டிருந்தார். சாக்ஸைக் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் திணித்துத்தான் செருப்பு மாட்ட முடியும். இரண்டு கால்களும் வாத்துக்கால் மாதிரி இருந்தன.

"நின்னுட்டாரு சம்பந்தி!" என்று நான் கத்தினேன்.

சம்பந்தி குனிந்தார். குடை நுனியால் குத்திப் பார்த்தார். டக்கென்று சத்தம் வந்தது.

"இது பனியா? ஐஸ். நம்ம ஊர் ஐஸ் பாக்டரியில இதைவிடச் சுத்தமா குடுப்பான். கொட்டிக் கிடக்குற பனின்னு சொன்னீங்க சம்பந்தி. இது எங்க கொட்டிக் கிடக்குது? ஒட்டிக் கிடக்குது."

பின்னால் நின்றவர்கள் எங்களை நகரச் சொன்னார்கள். ஒரு அம்மாள், "அந்தப் பெரியவர் பனியில் எதையோ தொலைத்துவிட்டார் போல, பாவம்" என்று தன் புருஷனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. திரும்பும் வழியெல்லாம் கோமளா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அடுத்த நாள் காலை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். மாப்பிள்ளையின் லீவு முடியப் போகிறது. இன்னும் ஒரே ஒரு இடத்துக்குப் போகத்தான் பொழுது இருக்கிறது. எந்த இடம்? சுமை தூக்குகிறவர் மணாலி என்றார். கடலை விற்கிறவர், மணாலி போய்ச் சேருவதற்குள் உங்கள் ஊர்க் கோடையே வந்துவிடும் என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், இந்த வருஷம் எங்கேயும் இல்லை, எல்லாம் உலகத்தில் தர்மம் குறைந்துவிட்டதால் என்றார். மூன்று பேரும் எங்களை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

"நைனா" என்று கோமளா என் கையைப் பிடித்து இழுத்தாள். "இவங்களைக் கேக்காதீங்க. பஸ் தலையைப் பாருங்க."

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் செய்கிற காரியம்தான். வந்தவாசி பஸ் மேலே சாக்கு நனைந்திருந்தால் அந்தப் பக்கம் மழை. உத்திரமேரூர் பஸ் காய்ந்து வந்தால் அங்கே இல்லை. ஏரி வைத்திருக்கிறவன் ரேடியோவைக் கேட்கமாட்டான், பஸ் தலையைத்தான் பார்ப்பான். இத்தனை பேரிடம் பல்லிளித்த எனக்கு அது தோன்றவில்லை. ஒவ்வொரு பஸ்ஸாக வரவர நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். ஒன்று காய்ந்து வந்தது. இன்னொன்றின் மேல் ஆட்டுக்குட்டி இருந்தது. மூன்றாவதாக ஒன்று வந்து நின்றது. அதன் மேலிருந்த மூட்டைகளுக்கு நடுவே, இட்லி மாவை வாரி ஊற்றின மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். இறங்கின கண்டக்டர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். அதிலிருந்தும் வெள்ளையாக உதிர்ந்தது.

"எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

"நார்கண்டா" என்றார் கண்டக்டர். "உடனே திரும்பப் போகிறோம். ஏறுகிறதானால் ஏறுங்கள்."

நான் ஏறப் போனேன். சம்பந்தி அசையவில்லை.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை சம்பந்தி. வடக்கே சூலம். நான் வரமாட்டேன்."

"நார்கண்டா வடக்கே இல்லீங்க, வடகிழக்கு!"

"பாதி வடக்கு இருக்குது இல்ல?"

சாட்சி வராமல் பனி கிடைத்து என்ன பிரயோஜனம்? நல்ல வேளையாக, வடக்கே சூலத்துக்குப் பால் குடித்துவிட்டுப் போனால் தோஷம் இல்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் பால் வாங்கி வந்தேன். மேலே விரல் தடிமனுக்கு ஏடு. சம்பந்தி வாயருகே கொண்டுபோய்விட்டு நிறுத்தினார்.

"இது எருமைப் பாலா, பசும்பாலா?"

"சம்பந்தி," என்றேன், "சூலத்துக்கு அவ்வளவெல்லாம் தெரியாது. குடிங்க."

டிரைவர் ஹாரன் அடித்ததால் குடித்தார். உதட்டில் ஏட்டோடு பஸ் ஏறினார்.

மேலே போகப் போக வெயில் காணாமல் போனது. ஜன்னல் கண்ணாடி இல்லாத இடத்தில் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அட்டையைத் தாண்டிக் குளிர் வந்து முழங்காலைப் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி கோமளாவின் கையைத் தொட்டுப் பார்த்து, 'ச்ச்ச்' என்று சொல்லித் தன் சால்வையில் பாதியை அவள் மேல் போர்த்தினாள். வாய்க்குக் காய்ந்த ஆப்பிள் துண்டு கொடுத்தாள். நாங்கள் பதிலுக்குக் கொடுத்த இட்லி வில்லையை வாங்கி, பத்திரமாக மடியில் முடிந்துகொண்டாள்.

நார்கண்டா வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். என்ன என்று எட்டிப் பார்த்தேன். ரோட்டின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி. ரோட்டில் மட்டுமா? மேட்டிலும் பள்ளத்திலும் மரத்திலும் வேலியிலும் பனி. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. நாங்கள் இறங்கி நின்றதும், வானத்திலிருந்தும் மெதுவாக, சத்தமே இல்லாமல் விழ ஆரம்பித்தது. நான் இத்தனை நாள் கத்திப் பேசியே வாழ்ந்தவன். அவ்வளவு பெரிய காரியம் இவ்வளவு அமைதியாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாப்பிள்ளை செருப்பும் சாக்ஸுமாகப் பனிக்குள் இறங்கி நின்றார். கால் உள்ளே போனது. "அம்மாடியோவ்!" என்று கத்தினார். கோமளா கைகொட்டிச் சிரித்தாள்.

"இன்னா சம்பந்தி," என்றேன், "கொட்டிக் கிடக்குதா? நிக்கிறாரா?"

சம்பந்தி குனிந்து அள்ளிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். "ஒத்துக்கறேன். பனிதான். நிக்கிறான்."

"அப்போ கோமளாவை ட்ரெயினிங்ல சேர்த்துடலாம்."

அவர் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது எப்படி சம்பந்தி? இவன் அம்மா பார்க்கலையே. நாளைக்கு நம்பமாட்டேன்னுவா. அடுத்த தைக்கு அவளையும் ஒரு தபா கூட்டிக்கினு வந்து காட்டிடுங்க. அப்பறம் படிப்பைப் பார்க்கலாம்."

கோமளாவின் சிரிப்பு நின்றுபோனது. என் வாய் அடைத்துப்போன ஒரே இடம் நார்கண்டா.

அப்போதுதான் மாப்பிள்ளை பனியிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் கையிலிருந்த குடையை வாங்கினார். விரித்தார். தோளில் சாத்திக்கொண்டு, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி, பனிக்குள் நடக்க ஆரம்பித்தார்.

"டேய், எங்கடா போற?"

"காசிக்கு."

"காசி அந்தப் பக்கம் இல்லடா!"

"இருக்கட்டும்பா. சுத்திக்கினு போறேன். கோமளாவைப் படிக்க வைக்கிறேன்னு யாராச்சும் வந்து சொன்னா திரும்பறேன்."

நடந்துகொண்டே இருந்தார். வாத்துக்கால் நடைதான். ஆனால் நிற்கவில்லை. மண்வெட்டியோடு நின்ற கண்டக்டர் என்னிடம், அவர் எங்கே போகிறார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த உருதுவில், "மருமகன் சந்நியாசியாகப் போகிறார்" என்றேன்.

பஸ் முழுக்கக் கலவரமாகிவிட்டது. எங்கள் ஊரில் அது நாலடி வேடிக்கை. அந்த மலையிலோ, குடும்பத்தை உதறிவிட்டு நிஜமாகவே அப்படி நடந்து போனவர்களைப் பார்த்த ஜனங்கள். "கூப்பிடுங்கள் அவரை!" "கல்யாணமாகி எத்தனை நாளாயிற்று, பாவம் அந்தப் பெண்!" "தகப்பன் மரம் மாதிரி நிற்கிறானே!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சால்வைக்காரப் பெண் கோமளாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து, பனியை வெட்டி வழி பண்ணியாகிவிட்டது, ஒரு சந்நியாசிக்காக நான் காத்திருக்க முடியாது என்று இன்ஜினை முடுக்கினார்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். மறித்துக் கூப்பிடுவது பெண் வீட்டுக்காரன் வேலை. நான் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு மரத்தைப் பார்த்தேன். என் முறையை நான் ஆவணியிலேயே செய்து முடித்துவிட்டேன்.

குடை சிறிசாகிக்கொண்டே போனது. சம்பந்தி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். இரண்டு தடவை வழுக்கி உட்கார்ந்தார். ஒரு செருப்பு பனிக்குள் போனது போனதுதான். எட்டிக் குடைக் கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்க, "வாடா... கோமளாவைப் படிக்க வைக்கிறேன்டா... திரும்பி வாடா" என்றார்.

"எங்கிட்ட எதுக்கு? சபையில சொல்லுங்க."

சம்பந்தி திரும்பி, பஸ்ஸைப் பார்த்து, கையைக் கூப்பியபடி அதையே உரக்கச் சொன்னார். ஒருவருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை. ஆனால் மாப்பிள்ளை குடையை மடக்குவது தெரிந்தது. ஜன்னலெல்லாம் கைதட்டியது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கோமளா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். மாமனார் ஏற வழிவிடவில்லை.

"எப்போ மாமா?" என்று கேட்டாள்.

சம்பந்தி ஒற்றைச் செருப்போடு பனியில் நின்றபடி, குல்லாயைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, "ஆனி மாசம்" என்றார்.